பாதியில் நிற்கும் சீட்டி

அந்த மெட்டு நல்ல மெட்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மெட்டாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் செத்திருக்கும். எனக்கும் இதை எழுதுகிற வேலை வந்திருக்காது.

சாயந்தரம் டீவியில் போகிற சிங்கள நாடகம் அது. கொலைக் கதை. ஒரு சின்ன ஊரில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கொல்கிறவனுடைய முகத்தைக் காட்டுவதில்லை. கறுப்புக் குடை ஒன்றும் அதற்குக் கீழே காலில் போட்ட நனைந்த சப்பாத்தும்தான் தெரியும். அவன் வருவதற்கு முன்னால் ஒரு சீட்டிச் சத்தம் வரும். பயமுறுத்துகிற சத்தமே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒருத்தன் வாயைக் குவித்து ஊதிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். மெதுவாக ஏறும், மேலே ஒரு இடத்தில் கொஞ்சம் நெளியும், பிறகு இறங்கும். இறங்கி முடியப் போகிறது என்று நினைக்கும்போது நின்றுவிடும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. கதவு திறக்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் தொண்டையில் அந்த மிச்சம் நிற்கும். அதை முடிக்காமல் இருக்க முடியாது. அதைப் போட்டவன் கெட்டிக்காரன்தான்.

எங்கள் லயத்தில் அந்த நாடகத்தின் சிங்களம் பாதிப் பேருக்குப் பாதிதான் புரியும். மெட்டு எல்லோருக்கும் முழுதாகப் புரிந்தது. லயம் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அன்டெனா வைத்த வீடுகளில் சீட்டி முதலில் வரும். டிஷ் வைத்த வீடுகளில் கொஞ்சம் பிந்தி வரும். அதனால் அது ஒரு வாசலில் நின்று அடுத்த வாசலுக்குப் போகிற மாதிரி, ஆள் ஒருத்தன் வாசல் முன்னாலுள்ள இஸ்தோப்புத் திண்ணை ஓரமாக நடந்து வருகிற மாதிரியே கேட்கும். பிள்ளைகள் ஓடிப்போய் அம்மா முந்தானைக்குள் புகுந்துகொள்வார்கள். பயந்துகொண்டே சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள், நான் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கத்தியால் தறிக்கிற வேலை. அதோடு கரண்டு வேலையும் கொஞ்சம் தெரியும். யார் வீட்டில் பல்ப் எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழாவுக்கு வயர் இழுப்பதும், ஸ்பீக்கர் கட்டுவதும் அவர்தான்.

இன்னொன்றும் அவர்தான். எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா வந்தால் கரகம் எடுப்பது. எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது அவர் வைத்த நேர்த்தி அது. உடம்பில் தெம்பு இருக்கும் வரைக்கும் வருஷா வருஷம் தலையில் கரகம் தூக்குகிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறார். மகள் இப்போது ஹட்டனில் பெரிய வகுப்புப் படிக்கிறாள். அவர் ஒரு வருஷமும் தவறவில்லை. தவறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் நம்புகிறார். வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் கோயில் அறையிலிருந்த ஸ்பீக்கர் செட் காணாமல் போனது. அம்ப்ளிஃபயர், பெட்டிகள், மைக் எல்லாம். எல்லார் சம்பளத்திலும் பிடித்து வாங்கியது. பூட்டு உடையவில்லை. சாவியால் திறந்து எடுத்திருக்கிறார்கள். சாவி ஒன்று கமிட்டித் தலைவரிடம், இன்னொன்று என் வீட்டுக்காரரிடம். தலைவர்தான் தோட்டத்துக்கு யூனியன் தலைவரும். அவரைச் சந்தேகப்பட எங்கள் தோட்டத்தில் யாருக்கு வாய் வரும்? பொலிசுக்குச் சொன்னதும் அவர்தான்.

ஜீப் நேராக லயத்துக்கு வந்தது. அவர் குளித்துவிட்டுத் துவாயோடு நின்றார். சட்டை போட விட்டார்கள், அவ்வளவுதான். எல்லாக் காம்பரா வாசலிலும் ஆட்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எதையும் செய்யவில்லை. ஜீப்புக்குப் பின்னால் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. மூலையில் கிடந்த விளக்குமாறை எடுத்து ஏற்கெனவே கூட்டிய இடத்தை மறுபடி கூட்டினேன். அவ்வளவு பேர் பார்க்கும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மறுநாள் சாயந்தரம் விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை என்றார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு, சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கினார்களாம். ரோட்டிலிருந்து படி ஏறி வந்தார். மழை. டவுன் கடையில் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த குடையைப் பிடித்திருந்தார். கறுப்புக் குடை.

மேல் லயத்திலிருந்து எவனோ சீட்டி அடித்தான். அந்த மெட்டு. ஏறி, நெளிந்து, இறங்கி, நின்றது.

லயம் முழுக்கச் சிரிப்பு. ஒரு காம்பராவில் தொடங்கி அடுத்ததுக்குப் போனது. அவருக்கு விளங்கவில்லை. அவர் நாடகம் பார்க்கிற ஆள் இல்லை, அந்த நேரத்தில் கோயில் பக்கம் இருப்பார். யாரோ நாயைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவரும் திரும்பித் தேடினார்.

உள்ளே வந்து குடையை மடக்கிக்கொண்டே கேட்டார். "யாரு சீட்டி அடிக்கிறது புள்ள?"

"தெரியலைங்க."

"எதுக்குச் சிரிக்கிறாங்க?"

எத்தனை நேரம் மறைக்க முடியும்? சொன்னேன். "டீவி நாடகத்துல வர்ற மெட்டுங்க அது."

"என்னா நாடகம்?"

"கொலை நாடகம். கொலைகாரன் குடையப் புடிச்சிக்கிட்டு வர்றப்போ அந்தச் சீட்டி வரும்."

அவர் குடையைப் பார்த்தார். அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். அப்புறம் சாப்பாடு இருக்கா என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. என் வீட்டுக்குள் இப்படி ஒரு ஆள் சோறு சாப்பிடுகிறாரே என்று வந்தது. எழுதவே கூசுகிறது.

அதற்குப் பிறகு அந்தச் சீட்டி அவருடைய பெயராகிவிட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு அவர் போனால் எங்கிருந்தாவது வரும். கங்காணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

"டேய், கத்தியெல்லாம் எண்ணி வையிங்கடா, ஆளு வந்தாச்சு."

"கத்தி எதுக்குடா அவருக்கு? ஸ்பீக்கரத் தலையில போட்டே கொன்னுருவாரு."

இதெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள். இவர் பல்ப் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்கள். ஒருத்தனும் முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம், சட்டையைப் பிடிக்கலாம். சீட்டிக்கு என்ன பதில் சொல்வது? யார் வாயிலிருந்து வந்தது என்றே தெரியாது. கேட்டால், "என்னாண்ணே, பாட்டுப் படிக்கவும் கூடாதா?" என்பார்கள்.

பிள்ளைக் காம்பராவிலும் வந்தது. பக்கத்துக் காம்பராக்காரியின் குட்டி மகள் அங்கேதான் இருக்கும். பேச்சு இப்போதுதான் வருகிறது. ஒருநாள் அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட அவர் வந்தார். இவரைக் கண்டதும் அது வாயைக் குவித்தது. சீட்டி அடிக்கத் தெரியாது, அதனால் "ஊ ஊ" என்று பாடியது. மெட்டு அப்படியே சுத்தமாக இருந்தது. நெளிகிற இடத்தில் தலையையும் ஆட்டியது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பாடினார்கள். "சீட்டி மாமா! சீட்டி மாமா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டது.

நான் அதை அதட்டினேன். பயந்து போய் உதடு பிதுங்கியது. வீட்டில் கேட்டதைத்தானே பிள்ளை பாடும்? அதன் அம்மாவைக் கேட்க வேண்டியதை அந்தப் பச்சைப்பிள்ளையிடம் கத்தினேன். அவர் விறகைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் புள்ள, அதுக்கு என்னா தெரியும்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயத்துக்குக் குறுக்குப் பாதை. மழைக்காலத்தில் சறுக்கும், அட்டை ஏறும். அதனால் அவர் வேலை முடிந்ததும் குடையோடு போய் நிற்பார். அவள் சின்ன வகுப்பிலிருந்து அப்படித்தான். அந்த வாரம் ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், நானும் கூடப் போனேன். பஸ் வளைவில் திரும்பி எங்கள் பக்கம் வரும்போதே உள்ளேயிருந்து சீட்டி. ஒருத்தன் இல்லை, பின் சீட்டுப் பையன்கள் எல்லோரும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். மகள் இறங்கினாள். குடைக்குள் வரவில்லை. மழையில் முன்னால் நடந்தாள்.

பாதி வழியில் நின்று திரும்பாமலே சொன்னாள். "அப்பா, இனிமே நீங்க வராதீங்க."

"மழையில எப்படிம்மா வருவ?"

"நானே வந்துக்குவேன். அம்மா, நீயாச்சும் சொல்லேன்."

நான் என்ன சொன்னேன்? "சரிங்க, அவ பெரிய புள்ளதானே, வந்துக்குவா" என்றேன். அவர் குடையை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். கடைசியில் குடை ஒருத்தருக்கும் உதவவில்லை, மூன்று பேரும் நனைந்துகொண்டே வந்தோம்.

திருவிழா நெருங்கியது. கோயில் முற்றத்தில் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். கரகம் யார் எடுப்பது என்பதுதான் பேச்சு. தலைவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பொலிஸ் விட்ருச்சு, சரி. பொலிசுக்குச் சாட்சி வேணும். நமக்கு எதுக்குச் சாட்சி? நமக்கு அம்மா இருக்கா. அம்மா முன்னுக்குச் சூடத்தை அணைச்சிட்டு அவரே கரகத்த எடுக்கட்டும். யாரு வேணாங்கிறது?"

எங்கள் பக்கத்தில் இது பெரிய காரியம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பார்கள். கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட சூடத்தில் பொய் சொல்ல மாட்டான்.

அவர் எழுந்து நின்றார். "நான் எடுக்கலைன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல சூடம் எதுக்கு தலைவரே?"

"எடுக்காதவனுக்கு என்னா பயம்?"

"பயம் இல்ல. சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்ல? மொதல்ல நீங்க அணைங்க. அடுத்து நான் அணைக்கிறேன்."

தலைவர் முகம் கறுத்தது. அப்போது பின்னாலிருந்து வந்தது அந்தச் சீட்டி. ஏறி, நெளிந்து, இறங்கி, நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு அது போதும். "சரி, வேற ஆளப் பாப்போம்" என்று எழுந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு சூடந்தானேங்க. அணைச்சிட்டா எல்லாம் முடிஞ்சிரும்ல? புள்ள பஸ்ஸுல தலை நிமிந்து வரணுமா வேணாமா? நேர்த்திய நெனச்சீங்களா?"

அவர் கேட்டார். "நீ என்னா நெனைக்கிற?"

"என்னாது?"

"நான் எடுத்தேன்னு நெனைக்கிறியா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு மூச்சு நேரம் பிந்தியது. டிஷ் வைத்த வீட்டுச் சீட்டி மாதிரி பிந்தி வந்தது பதில். "நீங்க எடுக்கலைங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சு நேரத்தை அவரும் கேட்டுவிட்டார், நானும் கேட்டுவிட்டேன்.

கமிட்டி வேறு ஆளைப் பார்த்தது. இவர் வீட்டில் கவுச்சி சாப்பிடுவதை நிறுத்தினார். கரகம் எடுக்கிறவர்கள்தான் விரதம் இருப்பார்கள். கரகம் இல்லாதவருக்கு எதற்கு விரதம் என்று நான் கேட்கவில்லை. மகள் சாப்பிடும்போது அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒரு தும்மல் போட்டால் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் வீட்டு டீவியை நான் அந்த நாடகத்துக்கு நேரமானால் நிறுத்திவிடுவேன். நிறுத்தி என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கமும் வரும். ஒரு சாயந்தரம் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாவை உருட்டித் தட்டித் திருப்பிப் போடுகிற வேலையில் மனசு எங்கேயோ போயிருந்தது. திடீரென்று அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லாப் பாடுற" என்றார்.

அப்போதுதான் என் காதுக்கு என் சத்தம் கேட்டது. நான்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அந்த மெட்டை. அதுவும் பாதியில் விடாமல், டீவிக்காரன் விட்ட மிச்சத்தையும் சேர்த்து அழகாக முடித்திருந்தேன்.

"ஐயோ, தெரியாமங்க" என்றேன்.

"தெரியாமத்தான் எல்லாரும் பாடுறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். ரொட்டி கருகியது. கருகிய ரொட்டியை நானே தின்றேன்.

செட்டைக் கண்டுபிடித்தது பொலிசும் இல்லை, அம்மனும் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரிதான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சடங்கு. போய்விட்டு வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம செட்டு அங்க பாடுதுக்கா!"

"எந்தச் செட்டுடி?"

"கோயில் செட்டு! பெட்டிக்குப் பின்னுக்குச் சிவப்புப் பெயின்டுல நம்ம கோயில் பேரு எழுதியிருக்குல்ல, அதேதான். சடங்கு வீட்டுல கட்டி, பாட்டு அலறுது. யாரு குடுத்தான்னு கேட்டேன். நம்ம தலைவரு தம்பியாம். கொழும்புலருந்து வந்தப்போ கொண்டாந்து குடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டானாம்."

தலைவர் வீட்டில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்திருக்கிறான். அங்கே சிநேகிதன் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு. திருப்பிக் கொண்டுவரச் சோம்பல், செட் அங்கேயே வீடு வீடாகச் சுற்றியிருக்கிறது. இவ்வளவுதான் கதை. கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை.

செட் திரும்பி வந்தது. இந்தத் தடவை யாரும் ஜீப்பைக் கூப்பிடவில்லை. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கூடக் கமிட்டி ஆட்களும். நான் வாங்க என்று சொல்லவில்லை.

"பொடியன் தெரியாம எடுத்துட்டான்மா. மனசுல வச்சிக்காதீங்க. கரகத்த இவரே எடுக்கட்டும்."

"உங்க தம்பி எடுத்தா தெரியாம எடுத்தது. எங்க ஆளு எடுக்காட்டியும் களவு. அப்படித்தானே தலைவரே?"

"ஏம்மா, வீடு தேடி வந்துருக்கோம்."

"அன்னிக்கும்தான் வீடு தேடி வந்துச்சு ஜீப்பு. கூப்பிடுங்களேன் இன்னிக்கும். உங்க தம்பி கொழும்புலதானே இருக்காரு? அங்க ரோடு இல்லையா?"

"நீ சும்மா இரு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். தலைவரைப் பார்த்துக் கேட்டார். "சூடம் அணைக்கணுமா?"

"ஐயையோ, என்னா பேச்சு பேசுறீங்க!"

"இல்ல, கேட்டுக்கிறேன். காப்பு எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு மன்னிப்புக் கேட்டாங்களா? உங்களுக்கு ரோசமே இல்லையா? முடியாது, நீங்களே தூக்குங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்களுக்கா தூக்குறேன்?" என்றார். உள்ளே மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அங்கே போனது. தலைவரிடம் அவ்வளவு கத்தியதில் பாதி எனக்கு நானே கத்தியது. தலைவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்று திட்டினேனே, நான் மட்டும் இவரிடம் கேட்டேனா?

மறுநாள் கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். கரகம் எடுக்கிறவர் திருவிழா முடியும் வரைக்கும் வீட்டுக்கு வரக்கூடாது, கோயிலிலேயே படுக்கை. அதனால் அவரிடம் பேச எனக்கு நாளும் இல்லாமல் போனது. உண்மையைச் சொன்னால், இல்லாமல் போனதில் எனக்கு நிம்மதி.

கரகம் வந்த அன்று மழை விட்டிருந்தது. ஆற்றோரம் கரகம் ஜோடித்து, தலையில் வைத்து, தப்பு மேளச் சத்தத்தோடு மேலே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு லயத்து முன்னாலும் கரகம் நிற்கும். வீட்டுக்கு ஒருத்தர் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். குனிந்து கரகக்காரர் காலில் ஊற்றித் தொட்டுக் கும்பிட வேண்டும். அவர் அந்த நேரம் பேசக்கூடாது.

எங்கள் லயத்துக்கு வந்ததும் தப்பை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வீடாக வந்து ஊற்றினார்கள். பெரட்டுக்களத்தில் கத்தியை எண்ணச் சொன்னவன் குனிந்தான். ஸ்பீக்கரைத் தலையில் போடுவார் என்றவன் குனிந்தான். எழும்போது அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் ஒருத்தனுக்கும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி தானாகவே சொல்லிக்கொண்டாள். "அம்மனுக்குத்தான் ஊத்துறோம், ஆளுக்கா ஊத்துறோம்." அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போது பக்கத்துக் காம்பராக்காரியின் குட்டி, அம்மா இடுப்பில் இருந்தபடி அவரைக் கண்டுவிட்டது. பூவும் வேப்பிலையுமாக இருந்தாலும் ஆளைத் தெரிந்துகொண்டது. சந்தோஷத்தில் கையைத் தட்டி, வாயைக் குவித்து, "ஊ ஊ" என்று தொடங்கியது. தப்பு நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ஏறியது, நெளிந்தது. அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தினாள். பிள்ளை வீறிட்டது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மனுஷர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு அது கொலைகாரன் பாட்டு இல்லை, கள்ளன் பாட்டும் இல்லை. பிடித்த மாமாவுடைய பாட்டு. அவ்வளவு பேரில் அது ஒன்றுதான் கெட்ட எண்ணம் இல்லாமல் பாடியது. அதன் வாயைத்தான் பொத்தினோம்.

அவர் ஒரு கையால் கரகத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் போனார். மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசினார். அழுகை நின்றது. அம்மாக்காரி அழுதாள்.

அடுத்தது எங்கள் வீடு. மகள் குடத்தை என் கையில் தந்தாள். குனிந்தேன். கால் விரல்களுக்கிடையில் சேறு, கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள். ஊற்றினேன். தொட்டேன். மகளும் என் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அவர் காலைத் தொட்டாள். நான் நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபத்தில் இல்லை. கரகக்காரர் நேரே பார்க்க வேண்டும், பாதையைப் பார்த்தார். தப்பு அடித்தார்கள். போய்விட்டார்.

இப்போது திருவிழா முடிந்து, கரகத்தை ஆற்றில் விட்டு, அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மகளை மறுபடி பஸ்ஸிலிருந்து கூட்டிவருகிறார். குடையோடு வரச் சொல்லி அவளே கேட்டாள். பெரட்டுக்களத்தில் சீட்டி இல்லையாம். இரண்டு வீட்டில் பல்ப் போடக் கூப்பிட்டார்கள், போய்ப் போட்டுக் கொடுத்தார்.

நாடகம் மட்டும் இன்னும் முடியவில்லை. நேற்றுச் சாயந்தரம் நான் வழக்கம்போல டீவியை நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும். என்னாதான் கதைன்னு பாப்போம்" என்றார்.

பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். மகள் சிங்களத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். குடை வந்ததும் உற்றுப் பார்த்தார். "நல்ல குடைதான். ஆனா அந்தச் சப்பாத்தோட நம்ம பாதையில ஏற முடியாது, சறுக்கிரும்" என்றார். மகள் சிரித்தாள்.

சீட்டி வந்தது. ஒவ்வொரு காம்பராவாக நடந்து வந்து எங்கள் வீட்டிலும் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பார்த்திருப்பார். மிச்சம் வெளியே வந்துவிடக் கூடாதென்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.